மாமல்லபுரத்தில் 3 பெருமாள் தூங்குறார்... நீங்க?

ராத்திரி 12 மணிக்கு ஹாஸ்டலில் யாராவது ஒருத்தர் கொளுத்திப் போடுவார். "மச்சி, மகாபலிபுரம் போய் சன்ரைஸ் பார்க்கலாமா?" அடுத்த பத்தாவது நிமிஷம் 3 பைக், 6 பேர் ரெடி! காட்டாங்குளத்தூரிலோ மறைமலை நகரிலோ கிளம்பி, செங்கல்பட்டில் ஒரு டீ, திருக்கழுக்குன்றத்தில் இன்னொரு டீ. கடற்கரைக் கோயில் பக்கத்து மணலில் போய் உட்கார்ந்தால் கடலுக்குள்ளேயிருந்து சூரியன் மெதுவா எட்டிப் பார்க்கும். நாலு போட்டோ, ஒரு ஸ்டேட்டஸ். ஜி.எஸ்.டி. ரோடு ஓரம் படிக்கிற யாருக்கும் இதெல்லாம் புதுசு கிடையாது.

போறது பிரச்னையே இல்லை பாஸ். திரும்பி வர்றதுதான் பிரச்னை.

போகும்போது உற்சாகம் இருக்கும், பேச்சு இருக்கும். திரும்பும்போது காலை 7 மணி. முந்தின நாள் காலையில் எழுந்தவர் இப்போ 24 மணி நேரமா கண் முழிச்சிருக்கார். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டாசன், ரீட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1997-ல் 'நேச்சர்' பத்திரிகையில் ஒரு கணக்கு சொன்னாங்க. தொடர்ந்து 17 மணி நேரம் முழிச்சிருக்கிறவரின் கையும் கண்ணும் வேலை செய்கிற லட்சணம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் உள்ளவர் மாதிரி. 24 மணி நேரம் ஆகிவிட்டால் கிட்டத்தட்ட 100 மில்லிகிராம். நம்ம ஊர் சட்டப்படி 30 மில்லிகிராமைத் தாண்டினாலே வண்டி ஓட்டக் கூடாது. "நம்ம கேங்குல யாருமே குடிக்கலைப்பா"ன்னு பெருமையா சொல்லிக்கிட்டு, குடிச்சவரைவிட மோசமான நிலைமையில் ஹேண்டில்பாரைப் பிடிச்சிருக்கார் நம்ம ஹீரோ. என்ன, போலீஸ்காரர் ஊதச் சொன்னால் மெஷின் காட்டாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த நிலைமையில் மூளை அனுமதி கேட்காமலே இரண்டு, மூன்று விநாடி தூங்கி எழுந்துவிடும். கண் திறந்தே இருந்தாலும் இது நடக்கும். மைக்ரோ ஸ்லீப்னு பேர். 60 கிலோமீட்டர் வேகத்தில் 3 விநாடி என்றால் 50 மீட்டர். அந்த 50 மீட்டருக்கு வண்டியை ஓட்டுறது யாருமே இல்லை! முகத்தில் தண்ணி அடிக்கிறது, சத்தமா பாட்டுப் பாடுறது, பின்னாடி உட்கார்ந்தவர் முதுகில் தட்டிக்கிட்டே வர்றது... எதுவும் இதைத் தடுக்காது. அங்கேயே ஒரு நிழல் பார்த்து ஒரு மணி நேரம் கண் அசந்துட்டுக் கிளம்பலாம். இல்லை, பஸ்ஸில் வந்துட்டு மறுநாள் வண்டியை எடுத்துக்கலாம். நண்பர்கள் கிண்டல் அடிப்பாங்க. அடிக்கட்டும்.

சரி, தூங்காமல் சூரியனைப் பார்க்கப் போற அந்த ஊர் எப்படிப்பட்ட ஊர்னு தெரியுமா?

ஒரே ஊர், மூணு தூக்கம்

மாமல்லபுரத்தில் மகாவிஷ்ணு 3 இடத்தில் படுத்திருக்கார். ஒண்ணு, ஊருக்கு நடுவில் இருக்கிற தலசயனப் பெருமாள் கோயில். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. இங்கே ஆதிசேஷன் மெத்தை கிடையாது, வெறும் தரை. புண்டரீக முனிவருக்காகப் பாற்கடலை விட்டு வந்து தரையிலேயே படுத்துட்டார் என்பது தலபுராணம். இன்னொண்ணு, கடற்கரைக் கோயிலின் இரண்டு சிவன் சந்நிதிகளுக்கு நடுவே, பாறையிலேயே செதுக்கின பெருமாள். நீங்க அலையைப் பார்த்து போட்டோ எடுக்கிற நேரம், உங்க முதுகுக்குப் பின்னாடிதான் அவர் தூங்கிக்கிட்டிருக்கார்.

மூணாவதுதான் நம்ம ஃபேவரிட். கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் மகிஷாசுரமர்த்தினி மண்டபம் இருக்கு. 7-ம் நூற்றாண்டுப் பல்லவர் குடைவரை. உள்ளே நுழைந்தால் வலது பக்கச் சுவரில் துர்க்கை சிங்கத்தின் மேல் பாய்ந்து வர்றாள், எருமைத் தலை மகிஷன் பின்வாங்கறான். ஒரே ரகளை! அப்படியே திரும்பி எதிர்ச் சுவரைப் பாருங்க. பெருமாள் பாம்பணையில் கை கால் நீட்டி நிம்மதியா படுத்திருக்கார். காலடியில் மது, கைடபன் என்ற இரண்டு அசுரர்கள் கதையோட நிக்கிறாங்க. அவர் கண்டுக்கவே இல்லை. அவருடையது யோக நித்திரை, நம்ம தூக்கம் மாதிரி இல்லைன்னு பெரியவங்க திருத்துவாங்க. ஒத்துக்கலாம். ஆனாலும் அந்தச் சிற்பிக்குத் தூங்குகிற உடம்பு எப்படி இருக்கும்னு நல்லாத் தெரிஞ்சிருக்கு. தோளில், விரலில், முகத்தில் எங்கேயும் ஒரு துளி இறுக்கம் கிடையாது.

உங்க காலடியிலும் ரெண்டு பேர் நிக்கிறாங்க இல்லையா? ஒருத்தர் பேர் இன்டர்னல், இன்னொருத்தர் பேர் அரியர். நீங்க மட்டும் ஏன் கொட்டக் கொட்ட முழிச்சிருக்கீங்க?

மண்டைக்குள்ளே ஒரு கடிகாரம்

1962-ல் மிஷேல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு இளைஞர், உங்களைவிட மூணு நாலு வயசுதான் பெரியவர், கடிகாரம் இல்லாமல் ஒரு மலைக் குகைக்குள் இறங்கினார். ஜூலை 16-ல் போனவரை செப்டம்பர் 14-ல் வெளியே கூப்பிட்டாங்க. அவர் கணக்குப்படி அன்னிக்கு ஆகஸ்ட் 20! நாள் கணக்கில் ஏமாந்தாரே தவிர, சூரியனே இல்லாத இடத்திலும் அவர் உடம்பு ஏறக்குறைய ஒரு நாளைக்கு ஒரு தடவை தூங்கி எழுந்துகிட்டுத்தான் இருந்தது. நம்ம மதுரைக்கும் இதில் பங்கு உண்டு. மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே.சந்திரசேகரன் குழுவினர் குகை வௌவால்களின் நேரக் கணக்கை ஆராய்ந்ததோடு நிற்கவில்லை. வெளிச்சம், கடிகாரம், வெளியாள் தொடர்பு எதுவும் எட்டாத தனி அறையில் மனுஷங்களையும் தங்க வெச்சு, தூக்கமும் விழிப்பும் எப்படி ஓடுதுன்னு பார்த்தாங்க.

இந்தக் கடிகாரம் இருக்கிற இடம் மூளையின் அடிப்பக்கம், இரண்டு கண் நரம்புகளும் குறுக்கே கடக்கிற இடத்துக்கு மேலே. சுமார் 20,000 நரம்பு செல்கள்தான். அது செல்லுக்குள் எப்படி ஓடுதுன்னு கண்டுபிடிச்ச 3 பேருக்கு 2017-ல் நோபல் பரிசே கொடுத்தாங்க. இதில் ஒரு சின்ன மேனுஃபேக்சரிங் டிஃபெக்ட் உண்டு. மனுஷக் கடிகாரத்தின் ஒரு நாள் சராசரியா 24 மணி 11 நிமிஷம்னு 1999-ல் அளந்து சொன்னாங்க. தினமும் சரி பண்ணாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமா பின்னால் தள்ளிக்கிட்டே போகும். போதாததுக்கு, பதினாறு பதினேழு வயசிலிருந்து இருபதுகளின் தொடக்கம் வரைக்கும் இது இயற்கையாகவே லேட்டா ஓடுற கடிகாரம். அப்பா 10 மணிக்குத் தூங்கறார், உங்களுக்கு 12 ஆனாலும் கண் சொக்கலைன்னா அது திமிர் இல்லை, வயசு. (இதை வீட்டில் காட்டலாம். ஆனா 4 மணி வரைக்கும் ரீல்ஸ் பார்க்கிறதுக்கு இது சான்றிதழ் ஆகாது.)

கடிகாரத்தைத் தினமும் சரி பண்ற திருகாணி எது? காலை வெளிச்சம்! நம்ம கண்ணில் பார்க்கிறதுக்கு இருக்கிற செல்கள் தவிர, வெளிச்சத்தை அளந்து இந்தக் கடிகாரத்துக்குச் சேதி சொல்றதுக்குன்னே தனியா சில செல்கள் இருக்குன்னு 2002-ல் தெரியவந்தது. ஹாஸ்டல் ரூம் டியூப்லைட் கொடுக்கிற வெளிச்சம் சில நூறு லக்ஸ். காலையில் வெட்டவெளியில் பத்தாயிரம் லக்ஸை சாதாரணமா தாண்டும். அதனால் காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் கடிகாரம் முன்னால் நகரும், அன்னிக்கு ராத்திரி சீக்கிரம் தூக்கம் வரும். நடுராத்திரி வெளிச்சம் கண்ணில் பட்டால் பின்னால் தள்ளிப்போகும்.

இப்போ புரியுதா? மகாபலிபுரம் சூரிய உதயம் உண்மையிலேயே மருந்துதான். தூங்கி எழுந்து பார்க்கிறவருக்கு! கொக்கிலமேடு, தேவநேரி குப்பத்துக்காரர்கள் விடியறதுக்கு முன்னாடி வலையோட கிளம்பறது, அதுக்கு முன்னாடி தூங்கி எழுந்த பிறகுதான்.

பலரும் தலைகீழா நினைக்கிற விஷயம் இது. "சீக்கிரம் படுத்தால் சீக்கிரம் எழுந்திருக்கலாம்"னு 10 மணிக்கே படுத்து, 1 மணி வரை புரள்வாங்க. தூக்கத்தைக் கட்டளை போட்டு வரவழைக்க முடியாது. எழுந்திருக்கிறதை முடியும். அதனால் ஆரம்பிக்க வேண்டியது காலையிலிருந்துதான். தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருங்க, ஞாயிறு உட்பட. எழுந்ததும் 20 நிமிஷம் மொட்டை மாடியோ கிரவுண்டோ, வெளியே வாங்க. ஒரு வாரம் கஷ்டமா இருக்கும். மெஸ்ஸில் இட்லி சூடா கிடைக்கிறது கூடுதல் லாபம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் 1 மணி வரை தூங்கிட்டு, திங்கட்கிழமை செங்கல்பட்டு ஸ்டேஷனில் காலை பீச் ரயிலைப் பிடிக்கிறவரின் உடம்பு வேற ஒரு நாட்டில் இருக்கு. ஃப்ளைட் ஏறாமலே ஜெட்லாக்! 2006-ல் ஜெர்மன் ஆராய்ச்சியாளர் டில் ரோனபெர்க் குழுவினர் இதுக்கு 'சோஷியல் ஜெட்லாக்'னே பேர் வெச்சாங்க. வாரக் கடனை அடைக்கணும்னா லீவு நாளில் ஒரு மணி நேரம் கூடுதலா தூங்குங்க, போதும். மிச்சத்தை மதியம் 20 நிமிஷக் குட்டித் தூக்கத்தில் சமாளிக்கலாம். அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய், எழும்போது மந்தமா இருக்கும். சிங்கப்பெருமாள் கோயிலில் கண் அசந்தவரை தாம்பரத்தில் உலுக்கி எழுப்பினால் "எந்த ஊரு?"ன்னு முழிக்கிறாரே, அதே மந்தம்தான்.

உங்களுக்கு வியாதியா, பழக்கமா?

"எனக்கு இன்சோம்னியா"ன்னு சொல்லிக்கிறது கேம்பஸில் இப்போ ஒரு ஸ்டைல். பாதிப் பேருக்கு அது இல்லை. ஒரு சின்ன டெஸ்ட். செமஸ்டர் லீவில், யாரும் எழுப்பாத நாட்களில், ராத்திரி 3 மணியிலிருந்து காலை 11 வரைக்கும் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறீங்களா? அப்போ உங்க தூக்கம் நல்லாத்தான் இருக்கு, இருக்கிற நேரம்தான் தப்பு. கடிகாரம் பின்னால் தள்ளிப்போன கேஸ். மேலே சொன்ன காலை வெளிச்ச வைத்தியமே முக்கால்வாசி வேலை.

நேரமும் இருக்கு, இருட்டும் இருக்கு, ஆனாலும் தூக்கம் வரலை, அல்லது நடுவில் எழுந்தால் திரும்ப வரலை, மறுநாள் வேலை ஓடலை. வாரத்துக்கு 3 ராத்திரிக்கு மேல், 3 மாசத்துக்கு மேல் இப்படின்னா அதுதான் நாள்பட்ட தூக்கமின்மை. இதுக்கு முதல் சிகிச்சை மாத்திரை இல்லை. அமெரிக்க டாக்டர்கள் அமைப்பு 2016-லேயே, பழக்கத்தையும் எண்ணத்தையும் மாத்துற பயிற்சிதான் முதலில்னு சொல்லியாச்சு. அதில் ஒரு பாடம் பின்னால் வருது.

இதில் எதிலும் சேராத மூணாவது ரகம்தான் கேம்பஸில் அதிகம். தூக்கம் வரும், இவங்க விட மாட்டாங்க. ப்ராஜெக்ட், கேம், ஃபோன், காதல்... 18-லிருந்து 25 வயசுக்காரங்களுக்குத் தேவை 7-லிருந்து 9 மணி நேரம். இதில் 2 மணி நேரத்தை வெட்டினால் எல்லாப் பகுதியிலும் சமமா வெட்டறதில்லை. கனவு வர்ற 'ரெம்' தூக்கம் பெரும்பாலும் விடியற்கால நேரத்தில்தான் குவியுது. வெட்டு விழறது அதில்தான். படிச்சது மண்டையில் பதியறதே தூக்கத்தில்தான் என்பதால், விடிய விடியப் படிச்சிட்டு எக்ஸாம் ஹாலில் உட்கார்ந்தால், பாட புத்தகத்தின் பக்கம் ஞாபகம் வரும், அதில் இருந்த விடை வராது.

"என்னால தூங்காமலே இருக்க முடியும்"னு சவால் விடறவர்களுக்கு ஒரு தகவல். ராண்டி கார்ட்னர் என்ற 17 வயசு ஸ்கூல் பையன், சயின்ஸ் ஃபேர் ப்ராஜெக்டுக்காக, 1964 ஜனவரியில் 264 மணி நேரத்தை எட்டினான். 11 நாள்! நடுவில் எரிச்சல், ஞாபக மறதி, இல்லாதது இருக்கிற மாதிரி தோணுறது எல்லாம் வந்தது. பல வருஷம் கழிச்சு வயசான காலத்தில் தூக்கம் வராமல் ரொம்ப அவதிப்பட்டேன்னு அவரே சொன்னார். இந்தச் சாதனைக்கு இப்போ கின்னஸ்காரங்க இடம் தர்றதே இல்லை. ஆபத்துன்னு விட்டுட்டாங்க.

அமுக்குவான் பேய்

விடியற்காலை கண் முழிக்கறீங்க. ரூம் தெரியுது, ஃபேன் தெரியுது. ஆனா கை கால் அசையலை, கத்த வாய் வரலை. நெஞ்சு மேல் யாரோ உட்கார்ந்து அமுக்கற மாதிரி... மூலையில் ஒரு கறுப்பு உருவம் வேற! பாட்டியிடம் சொன்னால் "அமுக்குவான் பேய்"னு தலைமாட்டில் துடைப்பமோ இரும்போ வைக்கச் சொல்வாங்க. ஜப்பானில் இதுக்கு 'கனாஷிபாரி', கனடாவின் நியூஃபவுண்ட்லாண்டில் 'கிழட்டுச் சூனியக்காரி'. ஊருக்கு ஊர் பேய் மாறுது, அமுக்கறது மாறலை.

விஷயம் இதுதான். 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி, நதானியேல் கிளீட்மன் இருவரும், தூக்கத்துக்கு நடுவே கண் மட்டும் வேகமா உருள்கிற கட்டம் ஒண்ணு இருக்குன்னு உலகத்துக்குச் சொன்னாங்க. அதுதான் ரெம் தூக்கம். அந்த நேரத்தில் மூளை கனவு காணும். கனவில் ஓடினால் நிஜமா எழுந்து ஓடிடாமல் இருக்க, மூச்சையும் கண்ணையும் தவிர மத்த தசைகளை மூளை ஆஃப் பண்ணிடும். சில சமயம் நீங்க முழிச்சுக்குவீங்க, தசைக்குக் கரண்ட் வர்றது லேட்டாகும். மிச்சமிருக்கிற கனவு பேயாத் தெரியும். சில விநாடியிலிருந்து சில நிமிஷம், தானா விலகிடும். உயிருக்கு ஆபத்தே கிடையாது. பயப்படாமல் ஒரு விரலை மட்டும் அசைக்கப் பாருங்க, மூச்சை மெதுவா விடுங்க.

தூக்கம் கெட்ட வாரங்களிலும், மல்லாந்து படுக்கும்போதும்தான் இது அதிகம் வரும். அதனால்தான் எக்ஸாம் சீசனில் அமுக்குவானுக்கு ஓவர்டைம். துடைப்பத்தை வீட்டைப் பெருக்கறதுக்கு வெச்சுக்கிட்டு, ஒருக்களிச்சுப் படுங்க.

குறட்டை காமெடி இல்லை

ஹாஸ்டலில் குறட்டை விடறவருக்குப் பட்டப்பேர் கட்டாயம் உண்டு. 'புல்டோசர்', 'ஜெனரேட்டர்'... சிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி கவனிங்க. குறட்டை சத்தமா போய்க்கிட்டே இருந்து திடீர்னு நிக்குதா? பத்து விநாடிக்கு மேல் மூச்சே இல்லாமல், அப்புறம் திணறிக்கிட்டு ஒரு பெரிய மூச்சா? இது தூக்கத்தில் மூச்சுத்தடை. ஸ்லீப் அப்னியா. தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுக் குழாயை அடைக்குது. மூளை பதறி எழுப்பி மூச்சு விட வைக்குது. மணிக்கு 5 தடவைக்கு மேல் இப்படின்னா கணக்கில் எடுத்துக்கணும். சிலருக்கு 30 தடவைக்கு மேலேயும் போகும்! அவருக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. "8 மணி நேரம் தூங்கினேனே, ஏன் தலை வலிக்குது, ஏன் கிளாஸில் சாமி ஆடறேன்"னு குழம்புவார். குண்டா இருக்கிறவங்களுக்குத்தான் வரும்னு இல்லை. தாடை சின்னதா இருந்தாலோ, டான்சில் பெருசா இருந்தாலோ ஒல்லிக்குச்சிக்கும் வரும். கவனிக்காமல் விட்டால் ரத்த அழுத்தம், இதயம்னு போய் நிக்கும்.

இதை முதலில் கண்டுபிடிக்கிறவர் டாக்டர் இல்லை, ரூம்மேட். செல்லில் 2 நிமிஷம் வீடியோ எடுத்து அவரிடமே காட்டுங்க. குரூப்பில் போடாதீங்க, ப்ளீஸ்! சிகிச்சை உண்டு. 1981-ல் ஆஸ்திரேலியாவில் காலின் சலிவன் என்ற டாக்டர், வாக்குவம் க்ளீனர் மோட்டாரை வெச்சு மூக்கு வழியா காத்தை மெல்ல அழுத்தி அனுப்பினார். தொண்டை அடைக்காமல் திறந்தே இருந்தது. அந்த ஐடியாதான் இன்னிக்கு சி-பாப் மெஷினா உலகம் பூரா ஓடுது.

இன்னொரு அபூர்வ கேஸ். சுமார் 2,000 பேரில் ஒருத்தருக்கு வர்றது, ஆனா ஆரம்பிக்கிறதே பெரும்பாலும் உங்க வயசில்தான். நார்கோலெப்சி. ராத்திரி நல்லாத் தூங்கியும், பகலில் சாப்பிடும்போது, பேசும்போது, எழுதும்போதே தூக்கம் வந்து சாய்ச்சுடும். சிலருக்கு வாய்விட்டுச் சிரிச்சால் முழங்கால் தளர்ந்து அப்படியே சரிஞ்சு உட்கார்ந்துடுவாங்க. மூளையில் விழிப்பைத் தாங்கிப் பிடிக்கிற 'ஒரெக்சின்' என்ற பொருள் குறைஞ்சு போறதுதான் பெரும்பாலும் காரணம். அந்தப் பொருளே 1998-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதுக்கு முன்னாடி எத்தனை பேர் 'சோம்பேறி', 'கும்பகர்ணன்'னு திட்டு வாங்கியே படிப்பை விட்டாங்களோ! உங்க கிளாஸில் அப்படி ஒருத்தர் இருந்தால், அடுத்த தடவை சாக்பீஸ் எறியறதுக்கு முன்னாடி யோசிங்க.

படுத்ததும் காலுக்குள் ஏதோ ஊர்ற மாதிரி, ஆட்டிக்கிட்டே இருக்கணும்னு தோணுதா? இரும்புச் சத்துக் குறைவா இருக்கலாம். மாணவிகளுக்கு இது அதிகம் வாய்ப்பு. ஒரு ரத்தப் பரிசோதனை போதும். தூக்கத்தில் நடக்கறது, பல்லைக் கடிக்கறது எல்லாம் பெரும்பாலும் தூக்கம் குறைஞ்சால், டென்ஷன் ஏறினால் கூடும். நடக்கறவரை அதட்டாமல் கையைப் பிடிச்சுக் கட்டிலுக்குக் கூட்டிட்டு வாங்க. மொட்டை மாடிக் கதவு பூட்டியிருக்கான்னும் பாருங்க.

சின்ன இடைவேளை. மாமல்லபுரம் போற வழியில் வடநெம்மேலியில் 1976-லிருந்து முதலைப் பண்ணை இருக்கே, அங்கே முதலை ஒரு கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு கிடந்தால் உற்றுப் பாருங்க. பக்கத்தில் மனுஷங்க இருந்தால் முதலைக் குட்டிகள் ஒரு கண்ணை மட்டும் மூடி, இன்னொரு கண்ணால் அவங்களையே பார்க்குதுன்னு 2015-ல் ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சி பண்ணிச் சொன்னாங்க. கடைசி பெஞ்சில் நீங்க பண்ணப் பார்க்கிறதும் அதுதான். ஆனா மனுஷனுக்கு அந்த வித்தை வராது. புரொஃபசருக்கும் இது தெரியும்.

கட்டில் எதுக்கு?

1972-ல் ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியல் நிபுணர் சொன்ன யோசனை இன்னிக்கும் தூக்கமின்மைக்கு முதல் பாடம். கட்டில் தூங்கறதுக்கு மட்டும். 20 நிமிஷமா தூக்கம் வரலைன்னா எழுந்து வேறு இடத்தில் உட்காருங்க, கண் சொக்கினதும் திரும்பப் படுங்க. புரண்டு புரண்டு படுத்தால், 'கட்டில்னா கவலைப்படற இடம்'னு மூளை கத்துக்கும்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஹாஸ்டலில் அதே கட்டில்தான் டைனிங் டேபிள், ஸ்டடி டேபிள், கேரம் போர்டு ஸ்டாண்டு, நாலு பேர் அரட்டை மேடை! இதுக்கு வழி இருக்கு. தலையணையையும் ஒரு தனி பெட்ஷீட்டையும் பகல் பூரா சுருட்டி அலமாரியில் வைங்க. தூங்கப் போகும்போது மட்டும் விரிங்க. பகலில் அது பெஞ்சு, ஷீட் விரிச்சதும்தான் கட்டில். எழுந்து உட்கார வேற ரூம் இல்லாவிட்டால் வராந்தா போதும், செல் இல்லாமல்.

கடலோரப் புழுக்கம் அடுத்த வில்லன். தூக்கம் வர்றதுக்கு உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்கணும். மே மாசம் செங்கல்பட்டில் அது தானா எங்கே இறங்கும்? படுக்கிறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வெதுவெதுப்பான தண்ணியில் குளிங்க. ரத்தம் தோலுக்கு வந்து, குளிச்சு முடிச்சதும் சூடு வெளியேறும். பெருமாள் மாதிரி தரையில் பாய் விரிச்சுப் படுத்தாலும் சரிதான்.

டீயும் மாத்திரையும்

முழிச்சிருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் 'அடினோசின்'னு ஒரு பொருள் சேர்ந்துக்கிட்டே போகும். அசதின்னு நாம சொல்றது பெரும்பாலும் அதைத்தான். காபி, டீயில் இருக்கிற கேஃபீன் அந்த அசதியைக் குறைக்காது, மூளை அதைக் கேட்காமல் காதை அடைச்சுடும். உள்ளே போனதில் பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும். சாயந்திரம் 6 மணி ஃபில்டர் காபியில் பாதி, ராத்திரி 11 மணிக்கும் உள்ளே உட்கார்ந்திருக்கு. மதியம் 2 மணியோட நிறுத்திக்கங்க. பீர் அடிச்சால் நல்லாத் தூக்கம் வரும்னு சொல்றவரும் பாதிதான் சொல்றார். சீக்கிரம் தூங்கிடுவார், பின்ராத்திரித் தூக்கம் உடையும், மூச்சுத்தடை இருந்தால் இன்னும் மோசமாகும்.

மெடிக்கல் ஷாப்பில் 'தெரிஞ்ச அண்ணா'விடம் வாங்கற தூக்க மாத்திரை வேணவே வேணாம். அல்பிரஸோலாம் மாதிரி மாத்திரைகள் 'எச்-1' பட்டியலில் இருக்கு. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது, வித்ததை ரிஜிஸ்டரில் எழுதணும். காரணம், உடம்பு சில வாரத்திலேயே பழகிக்கும், அப்புறம் அது இல்லாமல் தூக்கமே வராது. அலர்ஜி மாத்திரையை தூக்கத்துக்காகப் போடறதும் வேணாம், மறுநாள் பகல் பூரா மண்டை கனக்கும். அந்த மண்டையோட பைக் ஓட்டறதுன்னா, முதல் பத்தியில் நின்ன இடத்துக்கே திரும்பி வந்துட்டோம்.

யாரிடம் போறது?

மூச்சு நின்னு நின்னு வர்ற குறட்டை, பகலில் அடக்க முடியாத தூக்கம், சிரிச்சால் தளர்ற முழங்கால், 3 மாசத்தைத் தாண்டின தூக்கமின்மை... இதில் எது இருந்தாலும் டாக்டரைப் பார்க்க வேண்டியதுதான். 1965-ல் ஆரம்பிச்ச செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி ரயில் பிடிக்கிற தூரத்தில்தான் இருக்கு. குறட்டைன்னா காது மூக்கு தொண்டை அல்லது நெஞ்சகப் பிரிவு, தூக்கமே வரலைன்னா மனநலப் பிரிவு. போர்டைப் பார்த்துட்டுத் தயங்கி நிக்காதீங்க. அங்கே வெளியே உட்கார்ந்திருக்கிறவங்களில் உங்க மாதிரி தூக்கம் கெட்டவங்களும் இருப்பாங்க.

இன்னொரு முக்கியமான விஷயம். விடியற்காலை 3, 4 மணிக்கே முழிப்பு வந்து, திரும்பத் தூங்க முடியாமல், எதிலும் ஒரு பிடிப்பே இல்லாமல் ரெண்டு வாரத்துக்கு மேல் ஓடுதுன்னா, கெட்டது தூக்கம் மட்டும் இல்லாமல் இருக்கலாம். மனச்சோர்வு பல பேருக்குத் தூக்கத்தில்தான் முதலில் தலை காட்டும். 14416-க்கு ஃபோன் பண்ணுங்க. 2022-ல் மத்திய அரசு ஆரம்பிச்ச 'டெலி மானஸ்' எண். காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம், ராத்திரி 3 மணிக்கும் எடுப்பாங்க. பேசப் பிடிக்காதவர் ரூம்மேட்டா இருந்தால், நீங்க நம்பரைப் போட்டுக் கொடுத்துட்டு வராந்தாவில் போய் நில்லுங்க.

டாக்டரிடம் போகும்போது ரெண்டு வாரக் குறிப்பு கையில் இருக்கட்டும். எத்தனை மணிக்குப் படுத்தீங்க, சுமாரா எப்போ தூங்கினீங்க, எப்போ எழுந்தீங்க, எத்தனை டீ. நோட்டின் கடைசிப் பக்கம் போதும். ரூம்மேட் எடுத்த அந்த 2 நிமிஷ வீடியோவையும் மறக்காமல் கொண்டு போங்க. அவரையே கூட்டிட்டுப் போனால் இன்னும் நல்லது. ராத்திரி என்ன நடந்ததுன்னு தெரிஞ்ச ஒரே சாட்சி அவர்தானே!